"ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பாதீர்கள்: பொது மருத்துவர்களுக்கும் அவசரப் பிரிவு மருத்துவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களே,

வணக்கம்.

நள்ளிரவை ஒட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உங்கள் அவசரப் பிரிவுக்கு ஓடி வருகிறவர்களில் ஒரு வகையினர் உண்டு. முகம் வெளுத்திருக்கும், விரல் நுனிகள் மரத்துப்போயிருக்கும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருக்கும். "ஹார்ட் அட்டாக்" என்ற சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு மூன்று முறை அறுந்துபோகும். நீங்கள் படுக்க வைக்கிறீர்கள். ஈசிஜி எடுக்கிறீர்கள். இதயத் தசை பழுதானால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனினையும் பார்க்கிறீர்கள். எல்லாம் இயல்பாக இருக்கிறது. அப்போது உங்கள் முகத்திலும் ஒரு நிம்மதி தெரிகிறது. "உங்களுக்கு ஒன்றுமில்லை. வெறும் டென்ஷன்தான். வீட்டுக்குப் போகலாம்" என்கிறீர்கள்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் கட்டிலில் படுத்திருந்தவர்களில் நானும் ஒருவர். மார்பில் ஒட்டிய ஈசிஜி குமிழ்களின் ஈரச் சில்லிப்பும், அந்தக் கருவி தாளை இழுத்துத் தள்ளும் கரகர ஒலியும் இன்னும் மறக்கவில்லை. அன்று என்னைப் பார்த்த மருத்துவர் நல்லவர். பொறுமையாகப் பரிசோதித்தார். என் இதயத்துக்கு ஆபத்தில்லை என்று உறுதி செய்தார். அதற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் அதன்பிறகு அவர் சொன்ன "ஒன்றுமில்லை" என்ற ஒரு சொல்லும், எழுதிக் கொடுத்த ஒரு மாத்திரையும் என் வாழ்க்கையில் நான்கு ஆண்டுகளை எடுத்துக்கொண்டன. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் அந்தச் சொல். சாகப்போகிறோம் என்று உடம்பின் ஒவ்வோர் அணுவும் கதறிய அரை மணி நேரத்துக்குப் பிறகு "ஒன்றுமில்லை" என்று கேட்கிற மனிதனுக்கு ஆறுதல் வருவதில்லை. அவன் இரண்டில் ஒன்றைத்தான் நினைப்பான். இந்த மருத்துவர் எதையோ கவனிக்கத் தவறிவிட்டார் என்று நினைத்து அடுத்த மருத்துவமனைக்கு ஓடுவான். அல்லது தனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று முடிவு கட்டி யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள் புதைத்துக்கொள்வான். நான் இரண்டையும் செய்தேன். ஒரே ஆண்டில் ஐந்து முறை ஈசிஜி எடுத்துக்கொண்டேன்.

எனக்கு வந்ததற்கு ஒரு பெயர் இருந்தது. பேனிக் அட்டாக், பீதித் தாக்குதல். அந்தப் பெயரை அன்று இரவே சொல்லியிருக்கலாம். ஆபத்தே இல்லாத நேரத்தில் உடம்பின் அபாய மணி ஒலித்துவிடுகிறது, அட்ரினலின் பாய்கிறது, இதயம் விரைகிறது, மூச்சு வேகமெடுக்கிறது, வேக மூச்சினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, தலை சுற்றுகிறது, விரல்கள் மரக்கின்றன, பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டு அலை தானாகவே இறங்குகிறது. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். மயங்கி விழுந்துவிடுவோமோ என்ற பயம்தான் எங்களில் பலரைக் கடைத்தெருவுக்கும் கூட்டத்துக்கும் போகவிடாமல் செய்கிறது. மயக்கம் வர ரத்த அழுத்தம் சரிய வேண்டும். பீதியின்போது அது பொதுவாக ஏறத்தான் செய்கிறது. இந்த ஒரு செய்தி முதல் இரவே என் கைக்கு வந்திருந்தால், பிந்தைய மாதங்களில் நான் எத்தனையோ இடங்களுக்குப் போயிருப்பேன்.

இது ஏதோ புதிதாக முளைத்த நோயும் அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்கேற்ற வீரர்களிடம் படபடப்பும் நெஞ்சுவலியும் மூச்சுத் திணறலும் கண்ட ஜேக்கப் மென்டிஸ் டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871-இல் அதைப் பற்றி எழுதினார். இதயத்தில் பழுது எதுவும் தெரியாமலே இதயநோய் போலத் துன்புறுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று அன்றே பதிவாகிவிட்டது. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலின் மூன்றாம் பதிப்பில், இந்தத் தாக்குதல்கள் திரும்பத் திரும்ப வரும் பீதிக் கோளாறு தனி நோயாக இடம்பெற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-இல் பதற்றக் கோளாறுகளுடன் வாழ்ந்தவர்கள் 30 கோடியே 10 லட்சம் பேர். சிகிச்சை பெறுகிறவர்களோ ஏறத்தாழ நான்கில் ஒருவர்தான். மற்ற மூவரில் எத்தனை பேர் உங்கள் கட்டிலில் ஒரு முறை படுத்து, "ஒன்றுமில்லை" என்று கேட்டுவிட்டு எழுந்து போனவர்களோ.

இனி அந்த மாத்திரை.

அன்று எனக்கு எழுதித் தரப்பட்டது அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மருந்து, 0.5 மில்லிகிராம், பத்து மாத்திரைகள். "தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார் மருத்துவர். போட்டேன். அரை மணி நேரத்தில், யாரோ உள்ளே நுழைந்து ஒரு பெரிய இரைச்சலை நிறுத்திவிட்டுப் போனதுபோல எல்லாம் அமைதியானது. அந்த மாத்திரை வேலை செய்யவில்லை என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அவ்வளவு நன்றாக வேலை செய்ததுதான் சிக்கலே. "தேவைப்பட்டால்" என்பது முதலில் வாரம் ஒரு முறையாக இருந்தது. பிறகு வெளியூர் போகும் நாள்களில் எல்லாம் தேவைப்பட்டது. பிறகு கூட்டம், பிறகு லிஃப்ட், பிறகு ஒவ்வோர் இரவும். பர்ஸில் மாத்திரை அட்டையின் ஒரு துண்டை வெட்டி வைத்திருப்பேன். வாசலைத் தாண்டும் முன் விரலால் அதைத் தடவிப் பார்ப்பேன். பிளாஸ்டிக் குமிழுக்குள் மாத்திரை இருக்கிறதா என்று இரண்டு முறை அழுத்திப் பார்ப்பேன். ஒரு நாள் பாதி வழியில் அது இல்லை என்று தெரிந்தபோது, அதுவே ஒரு தாக்குதலைக் கொண்டுவந்தது.

நான்கு ஆண்டுகளில் மூன்று மருத்துவர்கள் அந்தச் சீட்டைப் புதுப்பித்துத் தந்தார்கள். எவ்வளவு காலமாக எடுக்கிறீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன்.

பிறகு ஒரு முறை, மாத்திரை தீர்ந்தது. இனிப் போதும், மன உறுதியால் சமாளிப்போம் என்று நானாகவே நிறுத்தினேன். இரண்டாம் நாள் கைகள் நடுங்கின. சட்டை நனையும் அளவுக்கு வியர்வை. கரண்டி தட்டில் படும் ஓசை காதைக் குத்தியது. மூன்று இரவுகள் ஒரு நிமிடம்கூடத் தூக்கமில்லை. பழைய நோய் பத்து மடங்காகத் திரும்பிவிட்டது என்று நினைத்தேன். அது மருந்தைத் திடீரென நிறுத்தியதால் வந்த விளைவு என்பதும், இப்படி நிறுத்துகிறவர்களுக்கு வலிப்புகூட வரலாம் என்பதும் எனக்கு யாரும் சொல்லியிராதவை.

உங்களுக்கு இவை தெரியாதவை அல்ல. அல்பிரசோலம் சேர்ந்த பென்சோடயசெபின் வகை மருந்துகள் அனைத்துக்குமான எச்சரிக்கையை 2020 செப்டம்பரில் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் கடுமையாக்கியது. மருத்துவர் சொன்ன அளவிலேயே எடுத்துக்கொண்டாலும் சில நாள்கள் முதல் சில வாரங்களுக்குள் உடம்பு இம்மருந்துகளைச் சார்ந்துவிடக்கூடும் என்று அதில் இருக்கிறது. சிகிச்சை நெறிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பீதிக் கோளாறுக்கு பென்சோடயசெபின்களை எழுதவே கூடாது, நீண்டகாலப் பலன் குறைவு என்கிறது. மதுவோடும் மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலிநிவாரணிகளோடும் சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும் மருந்து அது. முதியவர்கள் தடுக்கி விழவும் காரணமாகிறது. இவ்வளவும் தெரிந்த கைகள்தான் அந்தச் சீட்டை எழுதுகின்றன என்பதுதான் என் வருத்தம்.

நான் மருந்துக்கு எதிரான ஆள் இல்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மாத்திரையே கூடாது, மூச்சுப் பயிற்சி போதும் என்று ஊருக்கு உபதேசம் செய்கிறவர்களால் நான் இழந்த காலமும் கொஞ்சமல்ல. என்னை மீட்டதில் மருந்துக்கும் பங்கு உண்டு. கடும் நெருக்கடியில் சில நாள்களுக்கு, முடிவுத் தேதியோடு தரப்படும் அல்பிரசோலமோ அதே வகையைச் சேர்ந்த குளோனசெபமோ ஒருவரைக் காப்பாற்றலாம். நான் கேட்பது அந்த முடிவுத் தேதியைத்தான்.

பதற்றத்துக்கு நீண்ட நாள் மருந்தாக முதலில் கருதப்படுபவை வேறு: செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம், பராக்ஸெடின் போன்ற, மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருளின் செயலைக் கூட்டும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகள், அவற்றோடு வென்லாஃபாக்ஸின். இவற்றில் ஒன்று எனக்கு இரண்டாம் ஆண்டிலேயே எழுதித் தரப்பட்டது. எஸ்சிடலோபிராம், முதல் நாளிலிருந்தே 10 மில்லிகிராம். வேறு ஒரு வார்த்தையும் சொல்லப்படவில்லை. மூன்றாம் நாள் குமட்டல், உள்ளங்கைகளில் ஈரம், உட்காரவும் முடியாத நிற்கவும் முடியாத ஒரு பரபரப்பு. நான்காம் நாள் காலையில் அட்டையைக் குப்பையில் போட்டேன். இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அடுத்த இரண்டு ஆண்டுகள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிற்பாடு ஒரு மனநல மருத்துவர் அதே மருந்தை மீண்டும் தந்தார். இம்முறை பாதி அளவு, 5 மில்லிகிராம். தரும்போது என் கண்ணைப் பார்த்துச் சொன்னார்: "முதல் பத்து நாள் பதற்றம் கொஞ்சம் கூடுவதுபோல இருக்கும். வயிறு புரட்டும். அது மருந்து உள்ளே இறங்குவதன் அடையாளம், பயப்படாதீர்கள். பலன் தெரிய நான்கு வாரம், ஆறு வாரம்கூட ஆகலாம். நடுவில் தாங்க முடியாவிட்டாலோ, செத்துப்போகலாம் என்ற எண்ணம் தலைகாட்டினாலோ, அன்றே எனக்குச் சொல்ல வேண்டும்." அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் தயங்காமல் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அது மேலும் முக்கியம் என்றும் சொன்னார். அதே குமட்டல் வந்தது. அதே பரபரப்பு வந்தது. இம்முறை நான் அட்டையைத் தூக்கிப் போடவில்லை. வேதிப்பொருள் மாறவில்லை, தொடங்கிய அளவும், அதைத் தந்தவர் சொன்ன ஐந்து வாக்கியங்களும்தான் மாறியிருந்தன.

பாலுறவில் நாட்டம் குறையலாம் என்பதையும் அவர்தான் சொன்னார். நாங்களாக அதைக் கேட்க மாட்டோம், மருத்துவர்களே. வெட்கப்பட்டுக்கொண்டு மருந்தை நிறுத்திவிடுவோம். நீங்கள்தான் பேச்சை எடுக்க வேண்டும். அதேபோல, நன்றாகிவிட்டது என்று மூன்றாம் மாதமே கைவிடக்கூடாது, குணம் தெரிந்தபின்னும் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையாவது தொடர வேண்டும், பிறகு படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பதையும் தொடங்கும் நாளிலேயே சொல்லுங்கள். பராக்ஸெடினையும் வென்லாஃபாக்ஸினையும் சட்டென்று நிறுத்தினால் தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோலச் சுளீர் சுளீர் என்று வரும். முன்பே தெரிந்தவர் அதைத் தாங்கிக்கொள்வார். தெரியாதவர் நள்ளிரவில் மறுபடி உங்கள் அவசரப் பிரிவுக்குத்தான் வருவார்.

புரோப்ரனாலோல் பற்றியும் ஒரு சொல். மேடை ஏறும் முன் கை நடுங்குகிறவருக்கு அது உதவும். இதயத் துடிப்பை அடக்கும். ஆனால் பீதிக் கோளாறின் வேரை அது தொடுவதில்லை, ஆஸ்துமா உள்ளவருக்கு ஆபத்தும்கூட. புஸ்பிரோன் பொதுவான பதற்றத்துக்குப் பயன்படலாம், பழக்கமாகாது. பீதித் தாக்குதலுக்குப் பெரிதாக உதவாது. எல்லாப் படபடப்புக்கும் ஒரே சீட்டு எழுதுகிற வழக்கம் நிற்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். சீட்டு எழுதும் முன் தைராய்டையும், ரத்தச் சோகையையும், இதயத் துடிப்பின் தாளக்கோளாறையும், நோயாளி உறிஞ்சும் ஆஸ்துமா மருந்தையும், ஒரு நாளில் குடிக்கும் காபியின் எண்ணிக்கையையும் ஒரு முறை கேட்டுவிடுங்கள். இதயத்தைச் சோதித்த அதே அக்கறை இங்கேயும் வேண்டும்.

இப்போது, எனக்கு யாருமே நான்கு ஆண்டுகளாகச் சொல்லாத சிகிச்சைக்கு வருகிறேன். அறிதிறன் நடத்தைச் சிகிச்சை, சிபிடி என்பார்கள். பீதியில் தவிப்பவர் தன் உடம்பின் சாதாரண அசைவுகளைப் பேரழிவின் அறிகுறியாகப் படிக்கிறார், அந்தத் தவறான வாசிப்பே அடுத்த அலையை எழுப்புகிறது என்று டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986-இல் விளக்கினார். அந்த வாசிப்பைத் திருத்துவதுதான் சிகிச்சை. பேசிப் பேசித் திருத்துவது மட்டும் இல்லை. என் சிகிச்சையாளர் முதலில் என் கையில் ஒரு மெல்லிய உறிஞ்சுகுழலைக் கொடுத்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு, அதன் வழியாக மட்டும் ஒரு நிமிடம் மூச்சு விடச் சொன்னார். முப்பதாவது விநாடியில் எனக்கு வியர்த்துவிட்டது. நான் நான்கு ஆண்டுகளாக எதைக் கண்டு ஓடினேனோ, அதே திணறல். "குழலை எடுக்காதீர்கள். பயம் எத்தனை? பத்துக்கு எத்தனை?" என்று கேட்டார். ஒன்பது என்று விரலால் காட்டினேன். அடுத்த முறை ஏழு. வாரக் கடைசியில் மூன்று. பிறகு சுழல் நாற்காலியில் என்னை உட்கார வைத்துச் சுற்றினார். மாடிப்படியில் ஓடவிட்டு, துடிக்கிற இதயத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா நிற்கச் சொன்னார். ஓடிவந்த இதயம் இப்படித்தான் துடிக்கும் என்பதை என் கைதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. கடைசியாக, பர்ஸில் இருந்த அந்த மாத்திரைத் துண்டை மேசையில் வைத்துவிட்டு நடந்து வரச் சொன்னார். அதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது.

வழக்கமாகப் பன்னிரண்டு, பதினைந்து அமர்வுகள். டேவிட் பார்லோவும் உடன் ஆய்வாளர்களும் 312 நோயாளிகளை வைத்துச் செய்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வுக்கான பழைய மருந்தான இமிப்ரமினும் இந்தச் சிகிச்சையும் இரண்டுமே பலன் தந்தன. ஆனால் எல்லாவற்றையும் நிறுத்திய பிறகு, மருந்து கலக்காமல் இந்தச் சிகிச்சையைப் பெற்றவர்களிடமே பலன் அதிகம் நிலைத்தது. எல்லோருக்கும் மருந்து வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. எனக்கு மருந்து இல்லாமல் அந்த நாற்காலியில் உட்காரும் துணிவே வந்திருக்காது. ஆனால் இப்படி ஒரு வழி இருக்கிறது என்று சொல்லப்படாமலே ஒருவர் வெளியே அனுப்பப்படுவது அநியாயம்.

"எங்கள் பகுதியில் அதற்கு ஆள் இல்லை" என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான், பல இடங்களில் இல்லை. இணையவழியாகத் தரப்படும் சிபிடியும் பீதிக் கோளாறில் பலன் தருவதாக ஆய்வுகள் உண்டு. வழிகாட்டியோடு தானே பயிலும் முறைகளும் உண்டு. அவையும் கிடைக்காத இடத்தில்கூட, உங்கள் அறையில் ஒரு நிமிடம் வேகமாக மூச்சுவிடச் சொல்லி, அதே தலைச்சுற்றலும் மரப்பும் வருவதைக் காட்டிவிடலாமே. எந்தச் சொல்லைவிடவும் அது ஆழமாக இறங்கும். ஒரே ஒரு வேண்டுகோள்: மூச்சை ஆழமாக இழுங்கள் என்று சொல்லாதீர்கள். ஏற்கெனவே அளவுக்கு மீறி இழுத்துக்கொண்டிருப்பவர் அவர். மெதுவாக வெளியே விடச் சொல்லுங்கள். காகிதப் பையை வாயில் வைக்கும் பழைய முறையும் வேண்டாம். வந்திருப்பது உண்மையிலேயே மாரடைப்பாகவோ ஆஸ்துமாவாகவோ இருந்துவிட்டால் அந்தப் பை உயிரை எடுக்கும்.

ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் அல்பிரசோலத்தில் இருப்பவர்கள் உங்கள் பதிவேட்டிலேயே இருப்பார்கள். அவர்களை அதட்டாதீர்கள், அடிமை என்று அழைக்காதீர்கள், ஒரே நாளில் சீட்டை நிறுத்தியும் விடாதீர்கள். எனக்கு ஏழு மாதம் பிடித்தது. அதே வகையில், உடம்பில் நெடுநேரம் நிற்கும் டயசெபத்துக்கு மெல்ல மாற்றி, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை பத்தில் ஒரு பங்கு போலக் குறைத்தார் என் மருத்துவர். கடைசி மாதங்களில் செய்தித்தாளை விரித்து, மாத்திரையைப் பிளேடால் நான்காக நறுக்குவேன். தாளில் உதிர்ந்த வெள்ளைத் தூளைப் பார்த்து, இவ்வளவுதானா என்று தோன்றும். மூன்று முறை குறைக்க முடியாமல் அதே அளவிலேயே ஒரு மாதம் நின்றேன். அவர் ஒரு முறையும் சலித்துக்கொள்ளவில்லை.

நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையில் டொனால்ட் கிளைன் என்ற மனநல மருத்துவர், பீதியால் துன்புற்ற நோயாளிகளுக்கு இமிப்ரமின் கொடுத்துப் பார்த்தார். சில வாரங்கள் கழித்தும் மாற்றம் எதுவும் இல்லை என்றே மருத்துவர்கள் கருதினார்களாம். செவிலியர்கள்தான் வேறுவிதமாகச் சொன்னார்கள்: சாகப்போகிறேன் என்று நாள்தோறும் பல முறை தங்கள் மேசைக்கு ஓடிவந்தவர் இப்போது ஓடிவருவதில்லை. 1960-களின் தொடக்கத்தில் கிளைன் இதை வெளியிட்டார். பீதித் தாக்குதலைத் தனித்துப் பார்க்கும் வழி அங்கே திறந்தது. ஓடிவருகிறவரை யாரோ ஒருவர் கவனித்துக்கொண்டிருந்ததால் அது நடந்தது.

இன்றிரவும் ஒருவர் ஓடி வருவார். உங்களுக்கு வரிசையில் இன்னும் இருபது பேர் இருப்பார்கள், எனக்குத் தெரியும். அதனால் சிறிதாகவே கேட்கிறேன். ஈசிஜி தாளை அவர் கையில் கொடுக்கும்போது அதன் பின்பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: இதற்குப் பெயர் பீதித் தாக்குதல். இது மறுபடி வரலாம், வந்தால் தானாக இறங்கும். இதற்கு நிலையான சிகிச்சை உண்டு, பார்க்க வேண்டியவர் இவர், தேதி இது. மாத்திரை கொடுத்திருந்தால், எந்த நாளோடு அதை நிறுத்த வேண்டும் என்பதையும். அவர் அந்தத் தாளை மடித்து பர்ஸில் வைத்துக்கொள்வார்.

மிகுந்த மதிப்புடன்,
உங்கள் பழைய நோயாளி ஒருவர்